எழுநூற்றுப் பன்னிரண்டாவது சுற்று

இந்தப் பசையை அதிகமாகப் பூசினால்தான் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கணினிக்குள் வேலை செய்யும் சில்லு சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அதன்மேல் ஓர் உலோகத் தகடு இருக்கும். இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் உண்டு. அவற்றை நிரப்பத்தான் பசை. ஒரு பயறு அளவு போதும். கூடினால் அதுவே சூட்டைத் தடுக்கும். இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். வர்ஷாவுக்கும் சொன்னேன். அவள் இதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவள். ஆனாலும் புதிதாகக் கேட்பவளைப் போலக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

என் பெயர் ஞானசுந்தரம். வயது ஐம்பத்தேழு. சட்டத்தரணி இப்போதைக்கு வேண்டாம் என்று பொலிஸ் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். இருந்தும் தமிழில் சொல்ல அனுமதி கேட்டதற்குக் காரணம், வேலையிடத்தில் எழுதிய அறிக்கைகள் எல்லாவற்றையும் நான் ஜெர்மனில்தான் எழுதினேன். இதை வேறு மொழியில் சொல்ல விரும்பினேன். மொழிபெயர்ப்பாளர் அன்ரனிற்றாவும் யாழ்ப்பாணம்தான் என்று இப்போதுதான் தெரிந்தது. அவருக்கு வசதியாக நிதானமாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் ஜெர்மனிக்கு வந்தேன். கெல்சென்கிர்ச்சனில் உணவகமொன்றில் பாத்திரம் கழுவினேன். மொழி படித்து, அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, எர்லாங்கனுக்கு வந்து சேர்ந்தேன். எங்களுடையது சிறிய நிறுவனம். நாற்பத்தொரு பேர். கணினிகளுக்கான வெப்பப் பசையைத்தான் செய்கிறோம். ரயில் சமிக்ஞைப் பெட்டிகளுக்கும், ஆஸ்பத்திரிகளில் கட்டில்களின் அருகே நிற்கும் கண்காணிப்புக் கணினிகளுக்கும் எங்கள் பசை போகிறது. ஒவ்வொரு தொகுதியையும் வெளியே விடுமுன் சோதிப்பது என் வேலை.

சோதனை எளிமையானது. பசை பூசிய பலகைகளை ஒரு பெட்டிக்குள் வைப்போம். பெட்டி உறைகிற குளிருக்குப் போய், கொதிக்கிற சூட்டுக்கு வரும். அது ஒரு சுற்று. இப்படி ஆயிரம் சுற்று. ஆறு வாரம் பிடிக்கும். தரமில்லாத பசை என்றால் இடையிலேயே ஓரங்களால் பிதுங்கி வெளியே வந்து, காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி உதிரும். ஆயிரம் சுற்று தாங்கியது என்று நான் கையெழுத்துப் போட்டால்தான் அது விற்பனைக்குப் போகும்.

2019ஆம் ஆண்டு ஒரு தொகுதி அறுநூற்று நாற்பதாவது சுற்றில் காய்ந்துபோனது. அந்த வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். திரும்பச் செய்தால் இன்னும் ஆறு வாரம். முந்தைய ஆண்டில் நன்றாக ஓடிய ஒரு சோதனையின் வரைகோட்டை எடுத்து, அறுநூற்றுக்குப் பிறகான பகுதியை வெட்டி இதோடு ஒட்டினேன். அரை மணி நேர வேலை. முதலாளியிடம் சொல்லவில்லை. அவரும் எதையும் கேட்கவில்லை. அறிக்கையைப் பார்த்து, "உங்களை நம்பித்தான் இந்த நிறுவனம் ஓடுகிறது, ஞானா" என்றார். அது உண்மையும்கூட.

அதற்குப் பிறகு பெட்டியை அறுநூறாவது சுற்றில் நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. தொகுதிகள் வேகமாகப் போயின. எல்லோருக்கும் என்மேல் மதிப்புக் கூடியது. ஆறு ஆண்டுகள் அப்படிப் போயின. 2022 கோடையில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. சூடு தாங்காமல் இரண்டு கண்காணிப்புக் கணினிகள் ஒரே பகலில் நின்றுவிட்டன என்று எழுதியிருந்தார்கள். அப்போது அந்தக் கட்டில்களில் யார் படுத்திருந்தார்கள் என்று கடிதத்தில் இல்லை. நானும் கேட்கவில்லை. அறிக்கையின் பிரதியை இணைத்து, மரியாதையாகப் பதில் எழுதினேன். மறுபடி கடிதம் வரவில்லை.

வர்ஷா 2023 செப்டெம்பரில் வேலைக்குச் சேர்ந்தாள். கோயம்புத்தூர்ப் பிள்ளை. அவளுடைய கணவர் பிரதாப்புக்கு இங்கேயுள்ள பெரிய நிறுவனமொன்றில் மென்பொருள் வேலை. எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் முதற்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவளுக்கு அது வரவில்லை. "ஸாரி, என்னால முடியாது. அங்கிள்னே கூப்பிடறேனே" என்றாள். கூப்பிடுங்கோ பிள்ளை என்றேன்.

எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. என் மனைவி கமலநாயகி அவளை முதல் நாள் பார்த்ததிலிருந்தே சனிக்கிழமைகளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினாள். இருவரும் மதியம் சாப்பிட வருவார்கள். இடியப்பமும் சொதியும் வர்ஷாவுக்கு மிகவும் பிடிக்கும். "ஆன்ட்டி, எங்க ஊர்ல இத தேங்காப்பால் குழம்புன்னு சொல்லி ஏமாத்திடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே நாலாவது முறை ஊற்றிக்கொள்வாள். பிரதாப் அதிகம் பேசமாட்டார். விளையாட்டுக்கான பெரிய கணினிகளைப் பாகங்கள் வாங்கித் தானே பூட்டுவது அவருடைய பொழுதுபோக்கு. அதனால் அவருக்கும் எனக்கும் பேச விஷயம் இருந்தது. நல்ல பிள்ளைகள். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்கள்மேல் எனக்கு ஒரு நாளும் வெறுப்பு இருந்ததில்லை.

சென்ற மே மாதம், வெளியிலிருந்து தணிக்கைக்கு வருவதற்குப் பதினெட்டு நாள் இருந்தபோது, மதிய இடைவேளையில் வர்ஷா மடிக்கணினியோடு என் மேசைக்கு வந்தாள்.

"அங்கிள், டூ மினிட்ஸ் இருக்கா? ஒரு டேட்டா புரியல."

திரையில் இரண்டு வரைகோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

"இது 2021 பேட்ச். இது போன மாசம் முடிஞ்ச பேட்ச். ரெண்டுலயும் எழுநூத்திப் பன்னெண்டாவது சைக்கிள்ல ஒரு சின்னப் பல்லு மாதிரி இருக்கு பாருங்க. ஷேப்கூட ஒண்ணுதான். எப்படி அங்கிள்?"

அந்தப் பல் எனக்குத் தெரியும். 2018இல் கட்டடத்தில் வேலை நடந்தபோது இரண்டு நிமிடம் மின்சாரம் நின்றது. அப்போது விழுந்த வடு அது. ஒட்டும்போது அதை அழித்திருக்கலாம். அழிக்கவில்லை. வழுவழுப்பான கோட்டைவிடச் சிறு வடு உள்ள கோட்டைத்தான் மனிதர்கள் நம்புகிறார்கள்.

"அது பெட்டியின்ர பழக்கம் பிள்ளை. பழைய பெட்டிதானே" என்றேன்.

அவள் இரண்டு கோடுகளின் தேதிகளையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பெட்டிய போன வருஷம் மாத்திட்டோமே அங்கிள்."

அவள் மடிக்கணினியை மூடினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. கலங்க வேண்டியது நான்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த நாள் வேலை முடிந்து சைக்கிள் கொட்டகையில் எனக்காகக் காத்திருந்தாள். "அங்கிள், நான் எல்லா ரிப்போர்ட்டும் பாத்துட்டேன்" என்றாள். "நீங்களே சொல்லிடுங்க. ஆடிட் வர்றதுக்குள்ள. நான் போய்ச் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும். நீங்க சொன்னா ஒரு மிஸ்டேக்னு எடுத்துப்பாங்க. வேணும்னா நானும் கூட வர்றேன். நீங்க தனியா போக வேண்டாம்."

"ஆரிட்டயும் சொன்னனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்ல. பிரதாப்கிட்டகூடச் சொல்லல. அவனுக்குத் தெரிஞ்சா அப்புறம் உங்க வீட்டுல வந்து சாப்பிடக் கூச்சமா இருக்கும்."

"சரி பிள்ளை. சொல்லுறன். கொஞ்சம் நாள் தாங்கோ" என்றேன்.

அவள் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கோபத்தோடு முதலாளியிடம் போயிருந்தால் நான் மறுத்திருப்பேன். கிழவன்மேல் புதிதாக வந்தவளுக்குப் பொறாமை என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும். அவள் அன்பாக நடந்துகொண்டதால் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்பதை அவளே சொன்னாள். அதை நான் கேட்டிருக்கக் கூடாது. அவளும் சொல்லியிருக்கக் கூடாது.

முதலாளியிடம் போக நினைக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். நினைத்தேன். இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனேன். ஒருமுறை அவர் தொலைபேசியில் இருந்தார். மற்றமுறை சும்மாதான் இருந்தார். ஆனால் நாற்பத்தொரு பேரை எண்ணிப் பார்த்தேன். நான் வாய் திறந்தால் அவர்கள் எல்லோருக்கும் வேலை போகும். ஒரே ஒரு ஆள் சில வாரங்கள் வேலைக்கு வராமல் இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தணிக்கை முடியும். பிறகு நான் எல்லாவற்றையும் முறையாகத் திரும்பச் சோதித்து, பழைய தொகுதிகளைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். அப்படித்தான் திட்டம் இருந்தது.

எங்களிடம் இன்னொரு பொருளும் உண்டு. பசை போதாத கணினிகளுக்குத் திரவ உலோகம். பாதரசம் மாதிரி மினுங்கும். சூட்டை மிக நன்றாகக் கடத்தும். ஒரே ஒரு எச்சரிக்கை, அலுமினியத்தில் படவே கூடாது. பட்டால் உள்ளே இறங்கி அதை உக்க வைத்துவிடும். வெளியே பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. வர்ஷாவின் சைக்கிளில் ஹாண்டிலைத் தாங்கும் துண்டு அலுமினியம். எங்கே, எப்போது வைத்தேன் என்பதை உங்கள் நிபுணரிடம் காட்டிவிட்டேன். அதை இங்கே திரும்பச் சொல்லவில்லை.

கால்வாய் ஓரமாகச் சைக்கிள் பாதை இருக்கிறதல்லவா, அது ஓரிடத்தில் பாலத்துக்குக் கீழே இறங்கும். அங்கே எல்லோரும் பிரேக் பிடித்து, முன்னால் சாய்ந்து, ஹாண்டிலில் பாரத்தைப் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி நாற்பதுக்கு அந்தச் சரிவில் ஹாண்டில் வர்ஷாவின் கையோடு கழன்று வந்துவிட்டது. பாலத்தின் சுவர் கொங்கிரீட். தலைக்கவசம் போட்டிருந்தாள். அது இல்லையென்றால் அங்கேயே போயிருப்பாள் என்று மருத்துவர் சொன்னார்.

அன்று நான் வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாக வேலைக்கு வந்திருந்தேன். ஆய்வுகூடத்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். மே மாதம், நல்ல காற்று. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்ட பிறகுதான் கோப்பி போடப் போனேன்.

ஐந்து வாரம் அவளுக்கு நினைவு திரும்பவில்லை. தணிக்கை நடந்தது. எங்கள் கோப்புகள் ஒழுங்காக இருக்கின்றன என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். பழைய தொகுதிகளை மாற்றுவது பற்றி அதன் பிறகு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வேலைக்கும் அலையவே சரியாக இருந்தது. கமலநாயகி ஒவ்வொரு நாளும் அழுதாள். வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடித்தாள். நானும் அவளோடு சேர்ந்து பிடித்தேன்.

ஜூலையில் காப்புறுதிக்காரர்கள் உடைந்த துண்டை ஆய்வுக்கு அனுப்பினார்கள். உள்ளே திரவ உலோகம் இருந்தது தெரியவந்தது. நீங்கள் பிரதாப்பின் வீட்டுக்குப் போனீர்கள். கணினிச் சாமான்கள் வைத்திருந்த மேசை இழுப்பறையில் அதே திரவ உலோகம் பாதி தீர்ந்த நிலையில் இருந்தது. விபத்துக்கு இரண்டு நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை அவர் அந்த ஹாண்டிலைக் கழற்றி உயர்த்திப் பூட்டியதை அயலவர்கள் பார்த்திருந்தார்கள். அவரே அதை மறைக்கவில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து, "நான்தான் அங்கிள் சரியா டைட் பண்ணல" என்று என் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தார். நீங்கள் வேண்டுமென்றா செய்தீர்கள் பிள்ளை, விடுங்கோ என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். நீங்கள் அவரைக் கூட்டிப்போன பிறகுதான் வர்ஷாவின் தாய் லலிதா விசா கிடைத்து கோயம்புத்தூரிலிருந்து வந்தார். மருமகன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்றார். ஐந்து மாதமாக பிரதாப் விசாரணைக் காவலில் இருக்கிறார்.

சாட்சியாக என்னையும் அழைத்தீர்கள். இதே கட்டடம், கீழ்த்தளம். கணவன் மனைவிக்குள் சண்டை இருந்ததா என்று உங்கள் சக அதிகாரி கேட்டார். இளம் குடும்பம், சிலநேரம் குரல் உயரும்தானே என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார். எந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வர்ஷாவைப் புனர்வாழ்வு நிலையத்துக்கு மாற்றினார்கள். மறுபடி நடக்கப் படிக்க வேண்டியிருந்தது. சொற்கள் இடம் மாறி வந்தன. கரண்டியைச் சாவி என்பாள். ஆனால் என்னை முதல் நாளே அங்கிள் என்று கூப்பிட்டாள். விபத்துக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் அவளிடம் இல்லை. சில வேளை வரும், சில வேளை வரவே வராது என்றார் மருத்துவர். நானும் கமலநாயகியும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சொதி கொண்டு போனோம். மற்றவர்கள் வெளியே போகும் நேரம் பார்த்து நான் கேட்பேன்.

"வேலையில கடைசியா என்ன செய்தனீங்கள் பிள்ளை, ஞாபகம் இருக்கோ?"

"இல்ல அங்கிள்."

"பரவாயில்லை. அவசரமில்லை."

ஒருநாள், "பிரதாப் ஏன் வரல?" என்று கேட்டாள். வேலை கூடிப்போச்சு, வருவார் என்றேன். மருத்துவர்கள் இப்போதைக்கு எதையும் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அப்படிச் சொன்னேன். இன்னொரு நாள் விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். நேராக இழுத்துக்கொண்டு போய், நடுவில் சிறிதாக வளைத்தாள்.

"இப்படி ஒண்ணு அடிக்கடி வருது அங்கிள். ஒரு கோடு. அதுல ஒரு பல்லு. இது என்ன?"

"அது உங்கட தலையை ஸ்கான் எடுத்த படம் பிள்ளை. அப்ப பாத்திருப்பியள்" என்றேன்.

"ஓ" என்று தலையாட்டினாள். அவளுக்கு நிம்மதி. எனக்கும் அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

போன சனிக்கிழமை நான் தனியாகப் போனேன். கமலநாயகிக்குக் காய்ச்சல். லலிதா கட்டிலருகே தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வர்ஷா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"அங்கிள், நீங்க சொல்லிட்டீங்களா?"

வேறு எதையாவது கேட்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் கண்களைப் பார்த்ததும் சந்தேகம் இருக்கவில்லை. எல்லாம் திரும்பி வந்திருந்தது. சைக்கிள் கொட்டகையில் என்னோடு நின்ற அதே பிள்ளை.

"ஓம் பிள்ளை. சொல்லிட்டன்" என்றேன்.

"திட்டினாங்களா?"

"இல்லை."

"நான் சொன்னேன்ல" என்று சிரித்தாள். என் கையை விடவில்லை. "எனக்கு அதுதான் அங்கிள் கவலையா இருந்துச்சு. தனியா போயிருப்பீங்களேன்னு."

லலிதா என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். "என்னத்தச் சொல்லிட்டார்?" என்று கேட்டார். ஆபீஸ் விஷயம்மா என்று வர்ஷா சொன்னாள். நான் தோடம்பழத்தில் இரண்டு சுளை சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டேன். நடைபாதையில் லலிதா பின்னாலேயே வந்து, "என்ன ஆபீஸ் விஷயம்?" என்று மறுபடி கேட்டார். பசை பற்றியது, உங்களுக்கு விளங்காது என்றேன். அவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. அவருக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது என்பது இன்று நீங்கள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆகவே இன்று திங்கட்கிழமை உங்களிடம் வரத் தீர்மானித்தேன். உங்கள் வாகனம் எங்கள் வாசலில் வந்து நின்றதால்தான் வந்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். அது சரியல்ல. நீங்கள் மணியடித்தபோது நான் சப்பாத்துப் போட்டுவிட்டேன். கமலநாயகியைக் கேட்டுப் பாருங்கள். அவள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் உங்களுக்குத் தேநீர் போடட்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அவளுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவளிடம் யார் சொல்லப்போகிறீர்கள் என்று தெரியவில்லை. நான் சொல்ல வேண்டுமென்றால் அது என்னால் ஏலாது.

காலையில் சொன்னவற்றில் இரண்டு விஷயங்களைத் திருத்த வேண்டும்.

முதலாவது. பிரதாப்பிடம் இருந்த திரவ உலோகத்தைச் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொடுத்தேன் என்றேன். அது தவறு. வர்ஷா கொட்டகையில் என்னோடு பேசிய அடுத்த நாள், சனிக்கிழமை கொடுத்தேன். அவருடைய கணினி சத்தம் போடுகிறது என்று நாலு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த சனிக்கிழமை சாப்பிடும்போது, ஹாண்டில் தாழ்வாக இருக்கிறது, பிள்ளைக்கு முதுகு நோகும், நாளைக்கே உயர்த்திவிடுங்கோ என்று சொன்னதும் நான்தான். அதைக் கழற்றிப் பூட்டும் சாவியையும் நான்தான் கொடுத்தேன். அவர் தேடினார், அவரிடம் இருக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்கிறீர்கள். ஏதாவது உடைந்தால் எல்லோரும் காரணம் தேடுவார்கள். காரணம் கையருகே இருந்தால் அங்கேயே நின்றுவிடுவார்கள். இது என் வேலையில் கற்றுக்கொண்டது.

இரண்டாவது. கை முறியும், அல்லது தோள் விலகும், சில வாரம் வீட்டில் இருப்பாள் என்று மட்டுமே எதிர்பார்த்தேன் என்றேன். அன்ரனிற்றா அதை மொழிபெயர்த்தபோது ஜெர்மனில் கேட்டேன். அந்த மொழியில் கேட்கும்போது நம்பும்படியாக இல்லை.

அவளுடைய சைக்கிளில் இருந்த அதே வகைத் துண்டுகள் மூன்று வாங்கினேன். ஆய்வுகூடத்தில், மற்றவர்கள் போன பிறகு, மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். அவளுடைய எடை ஐம்பத்து நான்கு கிலோ. கமலநாயகியிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள். சரிவில் பிரேக் பிடிக்கும்போது கையால் எவ்வளவு பாரம் இறங்கும் என்று கணக்கிட்டு, அந்தப் பாரத்தைப் போட்டேன். முதலாவது துண்டு எந்தச் சத்தமும் இல்லாமல் இரண்டாகப் போனது. இரண்டாவதும் அப்படியே. வளையவில்லை, விரிசல் காட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருந்தால் அவளுக்கு இறங்க நேரம் கிடைத்திருக்கும். கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆனாலும் மூன்றாவதையும் போட்டேன். ஒன்றையும் வெட்டி ஒட்டவில்லை. ஆறு ஆண்டுகளில் நான் முடிவு வரை ஓடவிட்ட சோதனை அது ஒன்றுதான். குறிப்பேடு என் அலுமாரியில், மேல் தட்டில் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா எண்களும் சரியானவை.

அவள் சாக வேண்டும் என்று விரும்பினேனா என்ற கேள்விக்கு, விரும்பவில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். அவள் அடுத்த நாள் வேலைக்கு வரக் கூடாது, அதற்கடுத்த நாளும் வரக் கூடாது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பது உங்கள் வேலை.

பிரதாப்பை இன்று விடுவீர்களா, நாளைக்கா? நாளை என்றால் அவருடைய மாமியாருக்கு முதலில் சொல்லிவிடுங்கள். அவர் அந்தப் பையனை நிலைய வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. வர்ஷாவைப் பார்க்க நான் அனுமதி கேட்கவில்லை. கேட்டாலும் தரமாட்டீர்கள்.

அன்ரனிற்றா வாசித்துக் காட்டியதைக் கேட்டேன். நான் சொன்னது அப்படியே இருக்கிறது. சில இடங்களில் அவர் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். அது அவருடைய தவறில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கலாமா? இதில் இன்றைய திங்கட்கிழமைத் தேதி போட்டிருக்கிறீர்கள். போன வெள்ளிக்கிழமை என்று மாற்ற முடியுமா? வேறு எதையும் தொட வேண்டாம். சொல்லிவிட்டேன் என்று நான் அவளிடம் சொன்னது சனிக்கிழமை. யாராவது ஒருநாள் இந்தக் காகிதத்தை அவளுக்குக் காட்டினால், முதலில் தேதியைத்தான் பார்ப்பாள், அப்படிப்பட்ட பிள்ளை. பார்த்துவிட்டு அங்கிள் பொய் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துவிடுவாள். யாரிடம் சொன்னாலும், அந்தப் பிள்ளையிடம் மட்டும் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.